அம்சவள்ளி வீட்டுத் தண்ணீர்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. கற்பனையில் உதித்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

என் பெயர் தனசேகரன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கதை எழுதுவேன். மனு அடிக்கும்போது வராத எழுத்துப்பிழையெல்லாம் கதையில்தான் வரும்.

போன தை மாதம் செந்தமிழ்ச்செல்வி கடைக்கு வந்தார். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். கிராமத்துக் குழாய்த் தண்ணீரில் ஈயம், செம்பு மாதிரி உலோகம் கலந்திருக்கிறதா என்று வீடு வீடாக எடுத்துப் பார்க்கப்போகிறார்கள், பாட்டிலில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும் என்றார். ஐந்து வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தாவது வரி இது:

'இரவு முழுவதும் குழாயில் தங்கிய முதல் தண்ணீரை, வேறு பாத்திரத்தில் பிடிக்காமல், நேராக இந்தப் பாட்டிலில் பிடிக்கவும்.'

ஸ்டிக்கர் தீப்பெட்டி அளவு. இந்த வரி அடங்கவில்லை. நீளமான வாக்கியத்தைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். வெட்டிவிட்டேன். வெட்டிய இடம் பொக்கைவாய் மாதிரி தெரிந்தது. அதனால் 'வீட்டு உரிமையாளர் பெயர்' என்ற வரியை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. செல்வி தயங்கினார். "அத வாயால சொல்லிக்கலாம் மேடம்" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

இந்தக் கதையில் நடக்கும் எல்லாமே அந்த வெட்டால் வந்தது. படித்துக்கொண்டே போகும்போது யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தால் முதலில் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: 'கல்வராயன் மலையின் முகட்டில் மேகம் இறங்கி, கோமுகி ஆற்றின் —' இதோடு நிறுத்திவிட்டேன். மலை அது பாட்டுக்கு நிற்கிறது. நான் அதை இழுத்துவந்து முதல் வரியில் நிறுத்தினால் அதற்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

இரண்டாவது: 'கருணாபுரத்தில் ஒரு தாய், கையில் பாட்டிலோடு —' இதை அழிக்காமல் இப்படியே விடுகிறேன். கதை டவுனில் நடந்தால் வசதி என்றுதான் அந்தத் தெருவை எடுத்தேன். ஆனால் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு அங்கே பாட்டில் என்ற சொல்லுக்கும் பரிசோதனை என்ற சொல்லுக்கும் வேறு கனம். அந்த வாரம் என் கடையில் அடித்ததெல்லாம் கண்ணீர் அஞ்சலிதான். சிரித்துக்கொண்டே கதை சொல்கிற என் மாதிரி ஆள் அந்தத் தெருவுக்குள் நுழையக்கூடாது.

மூன்றாவதுதான் இது: 'அம்சவள்ளி வீடு தெருவில் கடைசி வீடு.'

அழகில்லாத வாக்கியம். ஆனால் கதை நகர்வதற்கு இது போதும்.

(இன்னொன்று. முதல் வரைவில் செல்வியை 'அவர்' என்றும் அம்சவள்ளியை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். கை அதுவாகவே அப்படி அடித்திருக்கிறது. இருவரில் அம்சவள்ளிக்குத்தான் வயது அதிகம். நேற்று கண்ணில் பட்டது. எல்லா இடத்திலும் மாற்றியிருக்கிறேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் அது டைப்பிங் பிழை இல்லை.)

3

அம்சவள்ளி வீடு தெருவில் கடைசி வீடு. கச்சிராயபாளையம் தாண்டி மலைக்கு ஏறுவதற்கு முன்னால் வரும் ஓர் ஊரின் காலனித் தெரு. ஊர் பெயர் வேண்டாம். முப்பத்திரண்டு வீடு, எல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அம்சவள்ளிக்கு நாற்பத்துமூன்று வயது. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எது கிடைத்தாலும் போவார். கணவர் ஆதிமூலம் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனால் வீடு திரும்ப மாசி, பங்குனி ஆகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தத் தெருவுக்கு வீட்டுக்கு ஒரு குழாய் வந்தது. அதுவரைக்கும் ஊர் நடுவே இருக்கும் போர் பைப்புக்குப் போக வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் பிடித்து முடிக்கிறவரை குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நிற்க வேண்டும். யாரும் நில் என்று சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். குழாய் வந்த அன்றைக்கு அம்சவள்ளி தண்ணீரே பிடிக்கவில்லை, திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டேங்க் ஆபரேட்டர் வீரமுத்து அந்தத் தெருக்காரர்தான், ஆதிமூலத்துக்குச் சித்தப்பா மகன். "அண்ணி, திருவு தேஞ்சிடும்" என்று கத்தும் அளவுக்குப் போயிற்று.

தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களைப் பழக்குகிறார்கள். காலனியிலிருந்து அம்சவள்ளி. ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். நிறத்தை அட்டையோடு ஒத்துப்பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மஞ்சள், இளமஞ்சள், எலுமிச்சை மஞ்சள் என்று அவர் அதில் காட்டிய நுணுக்கத்தில் எந்தச் சேலைக் கடைக்காரரும் தோற்றுப்போவார். ஆனால் ஈயமும் செம்பும் அந்தப் பெட்டியில் தெரியாது. அதற்குக் கள்ளக்குறிச்சிக்குத்தான் பாட்டில் போக வேண்டும்.

அப்படி ஏழு பாட்டில்களோடுதான் செல்வி ஒரு சாயங்காலம் தெருவுக்கு வந்தார். ஏழு வீடு. இரவு குழாயை மூடிவிட்டால் திறக்கக்கூடாது, காலையில் வரும் முதல் தண்ணீரை நேராகப் பாட்டிலில் பிடிக்க வேண்டும், வேறு பாத்திரம் படக்கூடாது, எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்சவள்ளி ஆறு வீட்டுக்கும் ஏறி இறங்கி அதையே திரும்பச் சொன்னார். பக்கத்து வீட்டுக் காசியம்மாளுக்கு மட்டும் நான்கு தடவை. காசியம்மாள் ஐந்தாவது தடவை காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு தன் வீட்டுக்கு வந்து தன் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

4

இந்த இடத்தில்தான் எனக்கு அம்சவள்ளி மீது சந்தேகம் வந்தது. ஆறு வீட்டுக்குப் பாடம் எடுத்தவர் அடுத்து செய்ததைப் படிக்கிறவர்கள் நம்புவார்களா? அதனால் அவரைப் பயிற்சி எடுக்காதவராக மாற்றி எழுதிப்பார்த்தேன். கதை சீராக ஓடியது, ஆனால் செத்துப்போயிருந்தது. பழையபடியே வைத்துவிட்டேன்.

ஸ்டிக்கரில் செல்வி பெயரை எழுதியிருந்தார். 'வீட்டு உரிமையாளர் பெயர்: அம்சவள்ளி.' ஆதிமூலம் இல்லை. நான் பெரிதாக்கி வைத்த இடம் முழுக்க அந்தப் பெயர் நிறைந்திருந்தது. ரேஷன் கார்டிலும் நூறு நாள் அட்டையிலும் அவர் பெயர் இருக்கிறதுதான். ஆனால் அதெல்லாம் அவர் வாங்குவதற்கு. அவர் கொடுக்கும் ஒன்றின்மேல் அவர் பெயர் இதற்குமுன் ஏறியதில்லை.

(மேலே உள்ள வரி என்னுடையது. அம்சவள்ளி இவ்வளவு சொல்லவில்லை. "எம்பேரு பெருசா இருந்திச்சி சார்" என்றார், அவ்வளவுதான்.)

பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கினார். அவர் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது. கோயிலுக்குத் தண்ணீர் எடுக்கவும் பொங்கலுக்கும் தவிர இறங்காது. பொங்கலுக்கு முன்னால்தான் உள்ளே ஈயம் பூசி வாங்கியிருந்தார். புளியைக் கெட்டியாகக் கரைத்து, உள்ளும் புறமும் தேய்த்து, குடம் தங்கமாகப் பளபளக்கிறவரை விடவில்லை. குழாயைத் திறந்து பழைய தண்ணீரெல்லாம் போகட்டும் என்று ஓடவிட்டார். சுத்தமான தண்ணீர் வந்ததும் குடத்தில் பிடித்து, வெள்ளைத் துணியால் மூடி, மூலையில் வைத்தார்.

விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. எட்டு மணிக்குச் செல்வி வந்தபோது இரண்டு கையாலும் கொடுத்தார்.

5

புளி, பித்தளையை விளக்குகிறது என்றால் என்ன அர்த்தம்? மேலே இருக்கும் உலோகத்தை, பித்தளையில் உள்ள செம்பை, கொஞ்சம் கரைக்கிறது. சரியாகக் கழுவாமல் இடுக்கில் புளி தங்கிவிட்டால், அது இரவெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து கரைத்துக்கொண்டே இருக்கும். பூசிய வெள்ளீயத்தில் மட்டமான காரீயம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். செல்வி எனக்குச் சொன்ன விளக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இது. மீதி எனக்குப் புரியவில்லை.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. ஆறு பாட்டிலும் சுத்தம். ஏழாவதில் செம்பு ஜாஸ்தி. ஈயம், இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போல நாலு மடங்கு.

அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் செய்தேன். 'ஈயம்' என்று அடிக்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

கடைசி வீட்டில்தான் லைன் முடிகிறது. அங்கே ஈயம் என்றால் வழியில் எங்கோ மட்டமான இணைப்பு இருக்க வேண்டும் என்று குடிநீர் இன்ஜினியர் நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரு முழுவதற்கும் வால்வை மூடு என்று உத்தரவு. மூட வேண்டியவர் வீரமுத்து. மூடிவிட்டு நேராக அண்ணி வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

தெருவில் முதலில் யாரும் பயப்படவில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசினால் நல்லதுதானே, தண்ணியில் ஈயம் இருந்தால் உடம்புக்குப் பலம்தானே என்று காசியம்மாள் பஞ்சாயத்து கிளார்க்கிடமே கேட்டுவிட்டார். இது காரீயம், குழந்தைகளுக்கு மூளை வளராது, கர்ப்பிணி குடிக்கவே கூடாது என்று கிளார்க் விளக்கியபோதுதான் முகங்கள் மாறின. அந்தத் தெருவில் அப்போது இரண்டு பெண்கள் முழுகாமல் இருந்தார்கள்.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் வந்தது. குடத்தோடு ஓட வேண்டும். டேங்கர் வராத நாளில் மறுபடி ஊர் நடுவே இருக்கும் போர் பைப். மறுபடி குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நிற்க வேண்டும்.

அம்சவள்ளிக்குக் கடிதத்தைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. செம்பு என்று படித்ததும் பரணைப் பார்த்தார். (வயிற்றில் புளியைக் கரைத்தது என்று எழுதினேன். இந்தக் கதையில் ஏற்கெனவே போதுமான புளி இருப்பதால் அடித்துவிட்டேன்.) யாரிடம் சொல்வது? ஆறு வீட்டுக்குப் பாடம் எடுத்தவர். பெட்டியும் நோட்டும் வைத்திருக்கிறவர். சொன்னால், காலனிப் பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரில் ஒருத்தராவது சொல்லுவார். சொல்லாவிட்டால் குழாய் போய்விடும்.

நான்கு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாளும் போர் பைப்புக்கு அவர்தான் முதலில் போய் நின்றார்.

6

இந்த இடத்தில் மூன்று வழி இருந்தது.

ஒன்று: செல்வியே கண்டுபிடிக்கிறார். செம்பும் ஈயமும் சேர்ந்து வந்திருக்கிறதே, இது குழாய் இல்லை, பாத்திரம் என்று கூர்மையாகப் பார்த்துச் சொல்கிறார். படித்தவரால் பிரச்சினை தீர்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது, இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். செல்வியிடம் காட்டினேன். "எனக்கு அப்டித் தோணவே இல்ல சார். நானும் பைப்புதான்னு நெனச்சேன்" என்றார். கிழித்துப்போட்டேன்.

இரண்டு: அம்சவள்ளி சொல்லவே இல்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவதுதான் நடந்தது.

ஐந்தாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். தெருவைத் தோண்டிப் பைப்பை மாற்ற வேண்டும், எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, எப்படியும் ஆடி ஆவணி ஆகும் என்றார் இன்ஜினியர். அப்போது மாசி மாதம். பெண்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. செல்வி ஓரத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி எழுந்து நின்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். காசியம்மாளின் கணக்குப்படி அது சண்டைக்கு அறிகுறி, அதனால் அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது கொழாத் தண்ணி இல்லீங்க" என்றார் அம்சவள்ளி. "எங்க வூட்டுக் கொடத்துத் தண்ணி. பித்தளக் கொடம். புளி போட்டு வௌக்கி, புடிச்சி வெச்சி ஊத்தனேன்."

இன்ஜினியருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. செல்விக்கு உடனே புரிந்தது. கோபமும் வந்தது.

"ஏன்க்கா, நீங்கதான எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் சொன்னேம்மா. எனக்கு மனசு வரல." அம்சவள்ளிக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எங்க வூட்டுத் தண்ணிய இதுவரிக்கும் யாரு கேட்டாங்க? மொதமொத கேக்கறாங்க. எம்பேரு போட்டுக் கேக்கறாங்க. ராத்திரியெல்லாம் கொழாயில கெடந்த தண்ணிய எப்டிம்மா குடுத்தனுப்பறது?"

இன்ஜினியர் மேசைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் காகிதத்தைத்தான் பார்த்திருப்பேன்.

கடைசியில் காசியம்மாள்தான் வாயைத் திறந்தார். "அடியே அம்சா, அஞ்சி நாளா டேங்கரு பின்னாடி ஓடிக்கினு கெடக்கறேன், உன் கொடத்துக்காவவா?" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, நான் மட்டும் என்ன, பாட்டிலை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் பிடித்தேன் என்று அவரும் உடைத்தார். அதன்பிறகு ஒவ்வொருவராக. ஒருவர் கேன் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்திருந்தார், ஆபீசருக்கு என்பதால். மற்றொருவர் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்திருந்தார். ஏழு வீட்டில் ஒருவர்கூடச் சொன்னபடி செய்யவில்லை.

செல்வி தலையில் கைவைத்துக்கொண்டார். உலோகம் இறங்குவது இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரில்தான். அப்படியானால் அந்த ஆறு பாட்டில் சுத்தம் என்றதும் பொய். குழாய்த் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இப்போது யாருக்குமே தெரியாது.

7

மறுநாள் சாயங்காலம் வால்வைத் திறந்துவிட்டார்கள், பைப்பில் தண்ணீர் நிற்பதற்காக மட்டும். யாரும் தொடக்கூடாது. விடிகாலை ஐந்தரைக்கே செல்வி வந்துவிட்டார். இந்தத் தடவை பாட்டிலை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீடாக அவரே பிடித்தார்.

கடைசி வீட்டுக்கு வந்தபோது அம்சவள்ளி தள்ளியே நின்றார். செல்வி திருகைத் திறந்தார். முதல் தண்ணீர் லேசாகப் பழுப்பாக வந்தது. அது நேராகப் பாட்டிலுக்குள் போனது. கழுவாத பாட்டில், வடிகட்டாத தண்ணீர், மேலே தன் பெயர். அம்சவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது.

இங்கே நான் எழுதியிருந்தது: 'செல்வி ஒரு டம்ளரை எடுத்து, அந்தக் குழாயிலிருந்தே பிடித்து மடமடவென்று குடித்தார். அம்சவள்ளியின் கண்கள் —'

அடித்துவிட்டேன். நடந்தது இது. அம்சவள்ளி டீ போட்டுத் தருகிறேன் என்றார். ரிசல்ட் வராமல் இந்தத் தண்ணீரில் எதுவும் வேண்டாம், உங்களையும் குடிக்க வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறேன் என்றார் செல்வி. பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அம்சவள்ளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏம்மா, உன் பாட்டில் தண்ணியை யாரு டெஸ்ட் பண்ணது என்று கேட்டார். செல்விக்குப் புரையேறிவிட்டது. வீட்டில் போர் தண்ணீர்தான், இதுவரை பார்த்ததில்லை என்று இருமிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ரிசல்ட் நன்றாக வந்தால் நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதே குழாயில் குடித்துவிட்டுப் போகிறேன் என்று செல்வி சொன்னார். நன்றாக வரவில்லை என்றால் என்று அம்சவள்ளி கேட்கவில்லை. கேட்க நினைத்தார்.

8

அடுத்த ஆறு நாளை நான் எழுதப்போவதில்லை. அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆதிமூலம் போனில், குழாய் போனால் போகட்டும், நாம் என்ன குழாயோடா பிறந்தோம் என்றாராம். அம்சவள்ளி போனை வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் மத்தியானம் செல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கையில் காகிதம். தெருவே கூடிவிட்டது. ஈயம், அளவுக்குக் கீழே. செம்பு, அளவுக்குக் கீழே. முதலில் வந்த பழுப்பு வெறும் இரும்பு, கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் போதும். காசியம்மாள் வீட்டில் மட்டும் குழாயின் திருகிலிருந்து ஏதோ கொஞ்சம் இறங்குகிறது, திருகை மாற்ற வேண்டும். காசியம்மாள், இத்தனை கூத்துக்கும் கடைசியில் கெட்ட பெயர் எனக்கா என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். வீரமுத்து காகிதத்தை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, வால்வைப் பார்த்து ஓடிவிட்டார்.

தண்ணீர் வந்தது. அம்சவள்ளி எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். செல்வி வாய் வைத்து இரண்டு டம்ளர் குடித்தார். நல்ல வெயில், அதனால் மூன்றாவதும் கேட்டார்.

எடிட்டர் யாராவது இருந்தால், கதையை இங்கே முடித்துவிடலாமே என்பார். முடித்திருக்கலாம்.

9

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதத்தை லேமினேஷன் போடுவதற்காக அம்சவள்ளி என் கடைக்கு வந்தார். மிஷின் சூடேற நேரமாகும், ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். 'தங்கள் வீட்டுக் குடிநீர் பருகுவதற்கு ஏற்றது' என்ற வரியை விரலால் காட்டி, இது மறையாமல் போடுங்கள் என்றார். பேச்சு வந்தது. ஒரு மணிநேரம் சொன்னார். ஸ்டிக்கரிலிருந்து அந்த வரியை வெட்டியது நான்தான் என்று நானும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வரி இருந்திருந்தாலும் நான் குடத்தில்தான் பிடித்திருப்பேன் என்றார்.

இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். ஆனா ஒருவாட்டி வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டு எழுதுங்க. குடிக்காம இன்னாத்த எழுதுவீங்க?"

வருகிறேன், கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். அது மாசி. இப்போது வைகாசி.

வேலை இருந்தது உண்மை. கச்சிராயபாளையத்துக்கு அரைமணிக்கு ஒரு பஸ் இருப்பதும் உண்மை. எங்களுக்கு மணலூர்பேட்டைப் பக்கம் நிலம். அண்ணன் பார்க்கிறார். அறுப்பு நேரத்தில் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்க முன்பு கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவோம். இப்போது அப்படியெல்லாம் கிடையாது. பேப்பர் கப். குடித்ததும் வரப்பில் போட்டுவிடுவார்கள். கேட்டால், சுகாதாரம் என்போம். அது சுகாதாரம்தான், நான் அதைத் தப்பென்று சொல்லவில்லை. (பொய். தப்பென்று தெரியும். அறுப்புக்கு நானும் போகிறேன், கப் கட்டை நான்தான் இங்கிருந்து வாங்கிப்போகிறேன்.) அன்றைக்கு அம்சவள்ளிக்கு டீ வாங்கிவரச் சொன்னபோதும் இரண்டு பேருக்கும் பேப்பர் கப்பில்தான் வந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் அதுதான். இருந்தாலும் நான் அவர் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

இந்தக் கதைக்கு ஐந்து முடிவு எழுதினேன். ஐந்திலும் எழுத்தாளர் அந்தத் தெருவுக்குப் போகிறார், கடைசி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், கண் கலங்குகிறார். ஒன்றில் மழைகூடப் பெய்கிறது. ஐந்தையும் கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். அம்சவள்ளி ஏழு வீட்டுக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று தான் செய்ததைச் சொன்னவர். நான் அவரைப் பற்றி எழுதிவிட்டு, அவர் கேட்ட ஒன்றே ஒன்றைக் கற்பனையில் முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

10

இதைக் கடையில் எழுதவில்லை. கச்சிராயபாளையம் வழி போகும் பத்து நாற்பது பஸ், ஜன்னலோர சீட், போனில் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் ரோட்டைத் திட்டுங்கள்.

புறப்படுவதற்கு முன்னால் செல்விக்குப் போன் போட்டு, ஒருவேளை அந்தப் பித்தளைக் குடத்துத் தண்ணீரையே கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். என் லட்சணத்தைப் பாருங்கள். ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகிவிடாது சார், தினமும் குடித்தால்தான் கெடுதல் என்றார். கொஞ்சம் விட்டு, அம்சவள்ளி இப்போது எல்லோருக்கும் குழாயிலிருந்துதான் கொடுக்கிறார், போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். குரலில் சிரிப்பு இருந்தது. வீரமுத்துவிடமும் கேட்டுவிட்டேன். பதினோரு மணிக்குத் தண்ணீர் விடுவாராம்.

வெளியே கரும்பு வெட்டிய நிலம். தூரத்தில் மலை. அதைப்பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. மனசு லேசாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. டம்ளரை வாய் வைத்துக் குடிப்பேனா, பழக்கத்தில் தூக்கிக் குடிப்பேனா? தூக்கிக் குடித்தால் அவர் என்ன நினைப்பார்? வாய் வைத்துக் குடித்து, அதை நான் பெரிதாகச் செய்கிறேன் என்று நினைத்தால்? இதற்கெல்லாம் பதில் அங்கே, இன்னும் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தை எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி முடித்துக்கொள்ளுங்கள், என்னை நல்லவனாக்கியே தீர வேண்டும் என்றில்லை.

கண்டக்டர் என் ஸ்டாப்பைச் சொல்லிவிட்டார். போனைப் பையில் போடப் போகிறேன், எனக்குத் தாகமாக இருக்கிறது.